முதுசமும் தேடிய தேட்டமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம்மூர்களில் ஓர் இளைஞனை முதன்முதலாகக் காணும் பெரியவர் அவனது பெயரைக் கேட்பதில்லை. "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்றே கேட்பார். தகப்பனார் பெயரைச் சொன்னாலும் அவர் அமைதியடையார். பேரனார் யார், பேத்தியார் எந்த ஊர், எந்த ஒழுங்கையிற் குடியிருந்தவர்கள், எந்தக் கோயிலின் எந்தத் திருவிழா உபயகாரர் என்று விசாரணை நீண்டுகொண்டே போகும். ஈற்றில், "ஓ! இன்னாரின்ரை பூட்டப்பிள்ளையோ!" என்று அவரது முகம் மலர்ந்த பின்னரே நமக்கு விடுதலை கிட்டும். இவ்விசாரணையை வெறுக்காத இளைஞர் எம்மிற் சிலரே. ஆயினும், "நான் யார் வழி வந்தவன்?" என்னும் வினா ஒருநாள் நம் உள்ளத்திலும் எழத்தான் செய்கின்றது.

இவ்வினாவுக்கு விடை தருவதாகக் கூறிக்கொண்டு ஒரு சிறு பெட்டி இப்பொழுது உலகின் பல நாடுகளில் விற்பனையாகின்றது. அதன் விலை ஏறக்குறைய 100 அமெரிக்க டொலர். உள்ளே ஒரு சிறு பிளாத்திக்குக் குழாய் இருக்கும். அதில் உமிழ்நீரை நிரப்பித் தபாலில் அனுப்பிவிட்டால், சில வாரங்களில் விடை கைத்தொலைபேசியில் வந்து சேரும். உம்முடைய முன்னோர் இன்ன பிரதேசத்தினர், இத்தனை வீதம் இன்ன இனத்தினர், உமக்கு இன்னின்னார் உறவினர் என்றெல்லாம் அந்த விடை கூறும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம் உறவினர் பலர் இதனைச் செய்து பார்க்கின்றனர். ஊருக்கு வரும்போது பெட்டியையும் கொண்டுவருகின்றனர். ஆகவே இது நமக்குத் தொலைவிலுள்ள விடயம் அன்று. பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இச்சோதனை எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல மாட்டாது என்பதை எனது சிற்றறிவுக்கு எட்டிய வரையில் உங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நம் முன்னோர் குடும்பச் சொத்தை மூவகையாகப் பிரித்திருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1707 ஆம் ஆண்டில், எழுத்திலே தொகுக்கப்பெற்ற தேசவழமையில் இப்பிரிவைக் காணலாம். தகப்பன்வழி ஆண்மக்களுக்கு இறங்குவது முதுசம். தாய்வழி பெண்மக்களுக்குச் செல்வது சீதனம். கணவனும் மனைவியும் ஒருங்கு வாழ்ந்து ஈட்டுவது தேடிய தேட்டம். இம்மூன்று சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய விஞ்ஞானம் கூறுவதை விளங்கிக்கொள்ளுதல் எளிதாகும்.

நமது உடலிற் கருவுள்ள ஒவ்வொரு கலத்திலும் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது; மற்றையது தந்தை தந்தது. அவற்றுள் டி. என். ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நூல் போன்றது அது. அதன் ஒரு பிரதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உள. மனிதனின் இந்நூலை வாசிக்கும் பெருமுயற்சி 1990 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டில் நிறைவெய்தியதாக அறிவிக்கப்பட்டது. வீட்டுச் சோதனையோ நூல் முழுவதையும் வாசிப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்கள் எனத் தெரிந்தவற்றுள் 6 அல்லது 7 இலட்சம் இடங்களை மாத்திரமே அது நோக்குகின்றது.

தாயும் தந்தையும் தத்தம் உடைமையிற் பாதியைப் பிள்ளைக்குக் கொடுக்கின்றனர் என்றேன். எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும். 304 விளையாடும் நண்பர்கள் இதனை நன்கறிவர்: கட்டு ஒன்றே, கைக்கு வரும் சீட்டுக்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. எனவேதான் ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் இச்சோதனை வெவ்வேறு வீதங்களைக் கூறுகின்றது. அதனாற் குடும்பத்தில் ஐயுறவு கொள்ள வேண்டுவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. பெற்றோர் இருவர், பேரன் பேத்தியர் நால்வர், இவ்வாறு இரட்டித்துக்கொண்டு போனாற் பத்தாந் தலைமுறையில் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. ஆனால் சீட்டுக்கட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் கலைக்கப்படுவதால், அவ்வளவு தூரத்து மூதாதையரில் ஏறக்குறைய பாதிப்பேரிடமிருந்து ஓர் எழுத்தேனும் நம்மை வந்தடைவதில்லை. அவர் இல்லையேல் நாம் இல்லை. எனினும் நம் உமிழ்நீரிலே அவருடைய சுவடு இல்லை. அவரைப் பற்றிச் சோதனைச்சாலை எவ்வாறு பேசும்?

கலையாமல் வரும் கோடுகள் இரண்டேயுள்ளன. ஒன்று, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வை நிறமூர்த்தம். முதுசத்தைப் போன்றது இது. மற்றையது, தாயிடமிருந்து வரும் இழைமணியின் டி. என். ஏ.; 16,569 எழுத்துக்கள் மாத்திரமே கொண்ட சிறு வளையம். தாய் இதனை ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் கொடுக்கின்றாள். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்பவள் பெண்ணே. ஆகவே இது சீதனத்தைப் போன்றது.

மிஷன் கல்லூரியிற் பயின்ற என் போன்றோர் இங்கிலாந்து அரசரின் பெயர்களை வரிசையாக மனனஞ் செய்தவர்கள். அவ்வரிசையில் வரும் மூன்றாம் றிச்சட் 1485 ஆம் ஆண்டிற் போர்க்களத்தில் மாண்டான். அவனது எலும்புக்கூடு 2012 ஆம் ஆண்டில் லெஸ்ரர் நகரத்தில் வாகனத் தரிப்பிடமொன்றின் அடியிற் கண்டெடுக்கப்பட்டது. அரசனின் தமக்கையின் பெண்வழியில் வந்து இன்று வாழ்பவர்களின் இழைமணியோடு ஒப்பிட்டதில், ஐந்து நூற்றாண்டுகளின் பின்னும் அது பொருந்தியது. ஆனால், ஆண்வழி உறவினர் என ஏடுகளிற் பதியப்பட்டவர்களின் வை நிறமூர்த்தம் அரசனுடையதோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ, ஏட்டில் எழுதப்பட்ட தகப்பன் வேறு; பெற்ற தகப்பன் வேறு. அரச குடும்பத்துக் குலமுறைக்கே இக்கதியானால் ஏனையோர் தம் குலமுறையைச் சத்தியஞ் செய்து கூறுதல் எங்ஙனம்?

இனி, "இத்தனை வீதம் இன்ன இனம்" என்னும் கணக்கை ஆராய்வோம். கம்பனியிடம் நம் முன்னோரின் டி. என். ஏ. இல்லை. இன்று வாழும் மக்களிற் சிலரைப் பிரதேசவாரியாகத் தெரிந்து, அவர்களோடு நம்மை ஒப்பிட்டு, யாருக்குக் கிட்ட நிற்கின்றோம் என்று மதிப்பிடுகின்றனர். ஒப்பிடும் கூட்டம் மாறினால் வீதமும் மாறும். 2019 ஆம் ஆண்டில் கனடாவின் சி. பி. சி. ஒளிபரப்புத் தாபனத்தினர் இதனைச் சோதித்தனர். ஒத்த இரட்டைச் சகோதரியர் இருவரின் மாதிரிகள் ஐந்து கம்பனிகளுக்கு அனுப்பப்பட்டன. ஐந்தும் ஐந்து விதமான விடை கூறின. ஏறத்தாழ ஒரே டி. என். ஏ. உடைய அவ்விருவருக்குமே ஒரே கம்பனி வேறுபட்ட வீதங்களைக் கொடுத்ததும் உண்டு.

நம்மைப் பொறுத்தவரையில் நிலைமை இன்னும் மங்கலானது. தென்னிந்தியரும் இலங்கையரும் என எல்லோரையும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடும் விடைகளே பெரும்பாலும் நம்மவர்க்குக் கிடைத்துள்ளன. நூறு டொலர் செலவு செய்து, "நீர் இலங்கையராகவோ தென்னிந்தியராகவோ இருத்தல் கூடும்" என்று தெரிந்துகொள்வதை, கண்ணாடியின் முன் நின்று இலவசமாகவே தெரிந்துகொண்டிருக்கலாம் அன்றோ? மலையகத்து நண்பர் ஒருவர் தமது பூட்டனார் தமிழகத்தின் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினார் என்று அறிய விரும்பினால், அக்கிராமத்தின் பெயரை எந்த வீதக் கணக்கும் அவருக்குச் சொல்லப்போவதில்லை.

உறவு கூறும் பகுதி இதனிலும் உறுதியானது. தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவானது பாதி. உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கிடையே பொதுவானது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. இவ்வளவைச் சோதனை பிழையின்றிக் கண்டுகொள்ளும். தூரத்து உறவில் மாத்திரம் நம்மவர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில் ஒருவர் பல வழிகளால் உறவினராவர். அவருக்கும் நமக்கும் பொதுவான பகுதிகள் மிகும். ஆகவே தூரத்து உறவினரைக் கிட்டிய உறவினரென்று கணக்குக் காட்டிவிடும்.

சிலர் இச்சோதனையைத் தம் குலத்தின் தூய்மைக்கு அத்தாட்சிப் பத்திரம்போற் பெற நினைக்கின்றனர். அவர்கள் ஏமாற்றமடைவர். இந்தியாவின் பல்வேறு சாதியினரையும் பழங்குடியினரையும் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2013 ஆம் ஆண்டில் ஒரு முடிபை வெளியிட்டனர். ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இரு பெரும் மக்கட்கூட்டங்கள் பரந்த அளவிற் கலந்தன. உயர்ந்தோரெனப்பட்டாரும் தாழ்ந்தோரெனப்பட்டாரும் அக்கலப்பிலிருந்தே வந்தனர். தத்தம் கூட்டத்துக்குள் மாத்திரம் மணஞ்செய்யும் வழக்கம் பின்னர் இறுகியது என்பதே அம்முடிபு. இலங்கையைப் பற்றி 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, சிங்கள மக்களும் தமிழ் மக்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரோடொருவர் கலந்திருப்பதை எடுத்துக்காட்டியது. கல்லூரியில் வேதாகம வகுப்பிலே இயேசுநாதரின் வம்ச அட்டவணையைப் படித்தபோது, அதில் மோவாபிய நாட்டுப் பெண்ணாகிய ரூத்தின் பெயரும் இருந்தமை எனக்கு வியப்பளித்தது. அந்நியப் பெண்ணை மறைக்காமல் எழுதிவைத்த அட்டவணை அது. நம் வீட்டு அட்டவணைகளில் எத்தனை பெயர்கள் மறைக்கப்பட்டனவோ!

இவ்வளவுங் கேட்ட நீங்கள், "அப்படியானால் இது வீண் வேடிக்கைதானோ?" என வினவலாம். அன்று. இச்சோதனை உயிர்நாடியாக அமைந்துள்ள மக்கள் உலகில் உள்ளனர். அவர்களுள் இரு சாராரைப் பற்றிக் கூற வேண்டும்.

முதலாவது சாரார், ஐக்கிய அமெரிக்காவில் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். 1850, 1860 ஆம் ஆண்டுகளின் குடித்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதிலே ஆண்டையின் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியனவே பெரும்பாலும் குறிக்கப்பட்டன. அடிமைகளின் பெயர்கள் எழுதப்படவில்லை. 1870 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேதான் விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு பதியப்பட்டனர். குலவரலாறு தேடுவோர் அவ்வாண்டை எட்டியதும் சுவரில் முட்டியவர்போல் நின்றுவிடுகின்றனர். மேரிலன்ட் மாநிலத்திற் கற்றொக்டின் என்னும் இடத்திலிருந்த இரும்பாலையில் உழைத்த ஆபிரிக்க மக்கள் 27 பேரின் எலும்புகளிலிருந்து டி. என். ஏ. பெறப்பட்டது. ஆராய்ச்சிக்கு இணக்கம் தெரிவித்திருந்த வாடிக்கையாளரின் பதிவுகளோடு அதனை ஒப்பிட்டபோது, இன்று வாழும் 41,799 பேர் அவர்களுக்கு உறவினர் எனத் தெரியவந்தது. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி இது. எழுதுகோல் மறுத்த உறவை எலும்பு கூறிற்று.

இரண்டாவது சாரார் நம் நாட்டின் பிள்ளைகளே. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஏறக்குறைய 11,000 குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு மகவேற்பாகச் சென்றனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் ஏறக்குறைய 4,000 பேர் ஒல்லாந்துக்குச் சென்றவர்கள். அவற்றுட் பல முறைகேடான வியாபாரம் என்பது 2017 ஆம் ஆண்டில் ஒல்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றினால் அம்பலமாயிற்று. போலிப் பிறப்புச் சான்றிதழ்கள் எழுதப்பட்டிருந்தன. பெற்ற தாய் இருக்க, தாயென நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் பிள்ளையைக் கையளித்திருந்தனர். குழந்தைப் பண்ணைகள் இருந்தமையை இலங்கையின் அன்றைய சுகாதார அமைச்சரும் அந்நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். 2020 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அரசாங்கம் இதன்பொருட்டு வருத்தந் தெரிவித்தது. 2021 ஆம் ஆண்டில் ஒல்லாந்து அரசாங்கம் வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகளை மகவேற்பதை இடைநிறுத்தியது.

அப்பிள்ளைகளுட் பலர் இன்று நாற்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் கையிலுள்ள கடதாசி பொய். அதில் எழுதப்பட்ட தாயின் பெயர் பொய். பொய் சொல்லாத ஆவணம் அவர்களிடம் ஒன்றேயுள்ளது: தம் உடம்பு. ஆகவே அவர்கள் அக்குழாயில் உமிழ்ந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றனர். சிலர் இங்கு வந்து, பிள்ளையைத் தொலைத்த தாய்மாருக்குச் சோதனைப் பெட்டிகளைக் கொடுத்துத் தேடுகின்றனர். பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனின் கதையைக் கோயில் வீதியிற் கேட்டோம். நாணற்பேழையிற் கிடந்த மோசேயின் கதையைக் கல்லூரியிற் கேட்டோம். கரையில் நின்ற தாயை நினைந்து இரங்காதார் யார்? அப்பேழைகள் இன்று திரும்பி வருகின்றன.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நமது உறவினருள் யாரேனும் வேடிக்கையாகச் செய்த சோதனையொன்றின் வழியாக, என்றோ ஒருநாள், முன்பின் அறியாத ஒருவர் "நான் உங்கள் இரத்தம்" என்று கடிதம் எழுதலாம். வாசலிலே வந்தும் நிற்கலாம். அவர் சொத்துக் கேட்டு வருபவர் அல்லர். அவரைத் துரத்திவிடாதீர்கள். அதேவேளையில், அவரைப் பெற்ற தாய் இன்று அறுபதோ எழுபதோ வயதினளாய், வேறு குடும்பத்தின் நடுவே, நாற்பது ஆண்டுகளாக வாய்திறவாமல் இருந்திருக்கவுங் கூடும். அவளுடைய அச்சமும் மதிக்கப்படல் வேண்டும். வேலிக்கு மேலாற் செய்தி பரப்பாமல், நம்பிக்கையான ஒருவர் தனியே சென்று அவளிடம் பேசுதலே முறை. இதற்குரிய பக்குவம் நம் சமூகத்துக்கு உண்டா என்பதே எனது கவலை.

இனி இளைஞராகிய எமக்கு ஓர் எச்சரிக்கை. முதுசக் காணியிற் பங்காளிகள் பலர் இருப்பர். ஒருவர் தன்னிச்சையாய் விற்கவியலாது. டி. என். ஏ. யும் அத்தகையதே. நான் உமிழ்ந்தால் எனது பாதி தாயினுடையது, பாதி தந்தையினுடையது, எட்டிலொன்று மச்சாளுடையது. 2018 ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிற் பல கொலைகளைச் செய்தவன் ஒருவன் பல தசாப்தங்களின் பின் பிடிபட்டான். அவன் எந்தக் குழாயிலும் உமிழ்ந்தவனல்லன். தூரத்து உறவினர் சிலர் குலவரலாற்றுப் பதிவகங்களில் இட்டிருந்த விபரங்களே பொலிசாரை அவன் குடும்பத்துக்கு அழைத்துச் சென்றன. கொலைகாரன் அகப்பட்டமை நன்றே. ஆயினும் ஒருவரின் செயலால் உறவினர் அனைவரும் பதிவகத்துக்குள் வந்துவிடுகின்றனர் என்பதை இதிலிருந்து அறிக.

2023 ஆம் ஆண்டில் ருவென்ரிதிறீ அன்ட் மீ என்னும் பெரிய கம்பனியின் கணக்குகளுட் களவாக நுழைந்தோர் ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்தனர். கவர்ந்தவற்றுள் யூத வழியினரையும் சீன வழியினரையும் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்து வெளியிட்டனர். 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்கம்பனி வங்குரோத்து நிலை அடைந்து நீதிமன்றஞ் சென்றது. ஏறக்குறைய 1.5 கோடி வாடிக்கையாளரின் விபரங்களும் கம்பனியின் உடைமையோடு விலைபேசப்பட்டன. அவ்வாண்டு யூலை மாதத்தில், நிறுவியவர்களுள் ஒருவரின் தலைமையிலுள்ள இலாபநோக்கற்ற தாபனம் 30.5 கோடி டொலருக்கு அதனை வாங்கிற்று.

இனவாரியான பட்டியல் என்றதும் நம்மிற் பெரியோர்க்கு என்ன நினைவு வரும் என்பதை யான் சொல்ல வேண்டியதில்லை. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வாக்காளர் இடாப்பைக் கையிற்கொண்டு வீடு வீடாக வந்தோரின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கடதாசிப் பட்டியலை எரிக்கலாம், தொலைக்கலாம், பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். உடம்பிலுள்ள எழுத்தை மாற்றவியலாது. ஆதலின் ஒரு சங்கதியை மாத்திரம் கேட்டுக்கொள்கின்றேன்: குழாயைத் திறப்பதற்கு முன் வீட்டாரைக் கேளுங்கள். கேட்டபின் "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மதிப்பளியுங்கள்.

சென்ற ஆண்டு எனது பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது இப்பெட்டிகளில் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்றை 84 வயதான அம்மம்மாவிடம் நீட்டினார். அம்மம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மோனை, என்ரை துப்பலைக் கனடாவுக்கு அனுப்பியோ என்ரை அம்மாவைப் பற்றி அறியப் போறாய்? என்னைக் கேட்டால் நான் சொல்லமாட்டனே?" என்றார். அண்ணா சிரித்துவிட்டார். பெட்டிகள் அலுமாரிக்குப் போயின. அன்றிரவு அம்மம்மா பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவரது தகப்பனார் மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர். அம்மம்மா பிறந்தது தைப்பிங் நகரத்தில். யப்பானியர் ஆட்சிக்காலத்திற் காய்ச்சலால் அவரைப் பெற்ற தாய் இறந்துபோனார். போர் முடிந்து, 1946 ஆம் ஆண்டிற் கப்பலேறி ஊர் திரும்பிய தகப்பனார், இறந்தவரின் தங்கையையே மறுமணஞ் செய்தார். நாங்கள் அனைவரும் பூட்டி என்று அறிந்து, படத்துக்கு மாலையிட்டு வணங்கி வந்தவர் அத்தங்கையார். பெற்றவரின் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். அப்பெயர் நம் வீட்டிலுள்ள எந்தக் கடதாசியிலும் இல்லை.

உயிரியல் மாணவன் என்ற முறையில் இதனை யோசித்துப் பார்த்தேன். அக்காளுக்கும் தங்கைக்கும் இழைமணி ஒன்றே. அம்மம்மாவின் உமிழ்நீரில் தாய்வழியை எத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தாலும், பெற்றவரையும் வளர்த்தவரையும் அக்கோடு வேறுபடுத்திக் காட்டாது. தாயற்ற ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு கன்னிப்பெண் தன் பிள்ளையாக ஏற்று வளர்த்தாள் என்ற செய்தியோ எந்த இரசாயனத்துக்கும் எட்டாது. அது அம்மம்மாவின் நெஞ்சில் மாத்திரமே இருந்தது. இன்னுஞ் சில ஆண்டுகள் நாங்கள் கேளாதிருந்தால் அவ்விரு பெண்களுள் ஒருவர் அடியோடு மறைந்திருப்பார்.

இதனையே தேடிய தேட்டம் என்கின்றேன். முதுசமும் சீதனமும் நாம் கேளாமலே வந்து சேர்கின்றன. தேட்டத்தை நாமே தேடவேண்டும். நமக்கோ இது அவசர வேலை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அதன் பின்னர் வந்த போரிலும் இடப்பெயர்விலும் காணி உறுதிகளும் கலியாணப் படங்களும் சாதகக் குறிப்புக்களும் அழிந்த வீடுகள் எத்தனை? கடதாசி போய்விட்டது. கடதாசியை அறிந்த மனிதர் இன்னும் இருக்கின்றனர்.

ஆகவே சங்கத்தின் இளைஞர் பகுதிக்கு ஒரு யோசனையை முன்வைக்கின்றேன். இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் ஓர் அப்பியாசக் கொப்பியை வாங்கிக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தவர் முன்னே அமர்வோம். பெண்களின் பெயர்களை முதலில் எழுதுவோம். ஏனெனில் அவையே முதலில் மறக்கப்படுவன. பிறந்த ஊர், குடியிருந்த காணியின் பெயர், பிழைக்கச் சென்ற நாடு, இடம்பெயர்ந்த பாதை, குழந்தையிலே இறந்தவர்கள், பெறாமலே வளர்த்தவர்கள் ஆகிய அனைத்தையும் கேட்போம். அவர்களின் குரலைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்வோம். பழைய படங்களின் பின்புறத்திற் பென்சிலாற் பெயரெழுதுவோம். சொன்னவற்றை, கிடைக்கும் பிறப்பு இறப்புப் பதிவுகளோடும் உறுதிகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு பிரதியைக் கடல்கடந்த உறவினருக்கு அனுப்புவோம். அதற்கு மேலும் ஐயம் தீராதவர், அல்லது தொலைந்த உறவைத் தேடுபவர், வீட்டாரின் இணக்கத்தோடு சோதனையையும் செய்துகொள்ளலாம். அதற்கு யான் மாறானவன் அல்லன்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றேன். பிள்ளைகள் கேட்கும்போது பெருமையான பகுதியை மாத்திரம் சொல்லாதீர்கள். வறுமையையும் சொல்லுங்கள், ஊரார் பழித்த கலியாணத்தையும் சொல்லுங்கள். சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் சத்தியகாமன் குருவிடம் செல்லுமுன் தன் குலத்தைத் தாயிடம் கேட்டான். "எனக்குத் தெரியாது, மகனே, யான் பல இடங்களிற் பணிசெய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன்" என்ற பொருளில் ஜாபாலை அவனுக்கு உள்ளதை உரைத்தாள். அவனும் அதனை அப்படியே போய்க் குருவிடங் கூறினான். குரு அவனை ஏற்றுக்கொண்டார். நாம் சத்தியகாமனின் துணிவைப் புகழ்கின்றோம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து உண்மை கூறிய அத்தாயின் துணிவு அதனிலும் பெரிதென்று எனக்குத் தோன்றுகின்றது.

எம் தலைமுறையினர் கேட்க ஆயத்தமாயிருக்கின்றோம். நீங்கள் சொல்ல ஆயத்தமாயிருத்தல் வேண்டும். கொப்பிகள் நிரம்பியபின், அடுத்த ஆண்டு மலரில் அவற்றுட் சிலவற்றையேனும், உரியவர்களின் இணக்கத்தோடு, அச்சிற் காண வேண்டுமென்பது எனது அவா.